லாயிட் ஜார்ஜ்: சங்கங்கள் வழியே மருத்துவக் காப்புறுதி தந்தவர்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் அலுவலகங்களில் நோயாளிகள் பற்றிய குறிப்புகளை இட்டு வைக்கப் பல தலைமுறைகளாகப் பயன்பட்டுவந்த மங்கிய பழுப்பு நிறக் காகித உறைகளுக்கு லாயிட் ஜார்ஜ் உறைகள் என்று பெயர். அந்த நாட்டில் குடியேறிய தமிழர்களில் பலரது நோய் வரலாறும் இந்த உறைகளில்தான் பாதுகாக்கப்பட்டது. ஆனால் உறைக்குப் பெயர் தந்த மனிதர் யார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

டேவிட் லாயிட் ஜார்ஜ், முதலாம் உலகப் போரில் பிரிட்டனை வழிநடத்திய பிரதமராகவே வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், நிதியமைச்சராக இருந்தபோது அவர் நிறைவேற்றிய 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம், பிரிட்டனின் உழைக்கும் மக்களுக்கு முதன்முறையாகக் கட்டாய மருத்துவக் காப்புறுதியை வழங்கியது. அதை நிர்வகிக்கும் பொறுப்பு அரச திணைக்களம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படவில்லை. தொழிலாளர்கள் தாமே சேர்ந்திருந்த பரஸ்பர உதவிச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், காப்புறுதி நிறுவனங்கள் அமைத்த சங்கங்கள் ஆகியவற்றிடமே அது தரப்பட்டது.

சட்டம் நிறைவேறுவதற்கு இந்த ஏற்பாடே காரணமாக இருந்தது. 37 ஆண்டுகளுக்குப் பின்னர் அது கைவிடப்படுவதற்கும் இதே ஏற்பாடுதான் காரணமாயிற்று. தொழில் அமைப்புகள் வழியாகக் குழுக் காப்புறுதி வழங்குவது பற்றிப் பல நாடுகளில் விவாதம் தொடரும் நிலையில், லாயிட் ஜார்ஜின் வாழ்வையும் அவர் செய்த சமரசங்களையும் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

காலணித் தொழிலாளியின் வளர்ப்பில்

லாயிட் ஜார்ஜ் 1863ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். அவரது தந்தை வில்லியம் ஜார்ஜ் வேல்ஸைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். உடல்நலம் குன்றியதால் ஆசிரியப் பணியை விட்டு வேல்ஸுக்குத் திரும்பி விவசாயத்தில் ஈடுபட்ட அவர், 1864ஆம் ஆண்டு நிமோனியா காய்ச்சலால் இறந்துபோனார். அப்போது மகனுக்கு வயது ஒன்றரைகூட நிரம்பவில்லை. தாய் எலிசபெத் மீண்டும் கருவுற்றிருந்தார். தந்தையின் முகத்தைக் காணாத தம்பி அடுத்த ஆண்டில் பிறந்தான்.

உழைத்துச் சம்பாதிப்பவர் இறந்துவிட்டால், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அக்காலப் பிரிட்டனில் இருந்த வழிகள் இரண்டே. ஒன்று உறவினரின் தயவு; மற்றது வறியோர் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட, மானக்கேட்டின் அடையாளமாகக் கருதப்பட்ட வேலை இல்லங்கள். இந்தக் குடும்பத்துக்கு உறவினர் இருந்தார். எலிசபெத்தின் சகோதரர் ரிச்சர்ட் லாயிட், வட வேல்ஸின் லானிஸ்டம்டுவி என்ற கிராமத்தில் காலணி தைத்து வாழ்ந்தவர். ஊதியம் பெறாத மதபோதகராகவும் இருந்தார். சகோதரியையும் பிள்ளைகளையும் அவர் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மாமனின் குடும்பப் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்தே பின்னாளில் லாயிட் ஜார்ஜ் என அவர் அறியப்பட்டார்.

வீட்டு மொழி வெல்ஷ். பிரிட்டனின் பிரதமர்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் வெல்ஷ் மொழியில் வளர்ந்தவர் இவர் ஒருவரே. மாமனின் பட்டறையில் கூடிய கிராமத்தவர்கள் அரசியலும் மதமும் பேசியதைக் கேட்டு வளர்ந்த அவர், பல்கலைக்கழகம் செல்லாமலே பயிற்சி பெற்று 1884ஆம் ஆண்டு சட்டத்தரணியானார்.

அவருக்குப் பெயர் தேடித் தந்தது ஒரு கல்லறை வழக்கு. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சாராத முதிய கற்சுரங்கத் தொழிலாளி ஒருவரை, லான்ஃப்ரோதன் என்ற ஊரின் இடுகாட்டில் மகளின் அருகே தம் மத முறைப்படி அடக்கம் செய்யக் குடும்பத்தினர் விரும்பினர். பங்குத் தந்தை மறுத்தார். பூட்டை உடைத்து உள்ளே சென்று அடக்கம் செய்யுமாறு இளம் சட்டத்தரணி ஆலோசனை கூறினார். 1888ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் வழக்கு வெல்லப்பட்டது. 1890ஆம் ஆண்டு கார்நாவன் தொகுதி இடைத்தேர்தலில் வெறும் 18 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்றம் சென்ற அவர், அடுத்த 54 ஆண்டுகள் அத்தொகுதியைத் தம் வசம் வைத்திருந்தார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரை எதிர்த்துப் பேசியதால் நாடெங்கும் அவர் மீது வெறுப்பும் எழுந்தது. 1901ஆம் ஆண்டு பர்மிங்காம் நகர மண்டபத்தைச் சூழ்ந்த கும்பலிடமிருந்து போலீஸ்காரர் உடையில் அவர் தப்ப நேர்ந்தது. 1905ஆம் ஆண்டு லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தபோது வர்த்தகத் துறைக்குப் பொறுப்பான அமைச்சராகவும், 1908ஆம் ஆண்டு ஏப்ரலில் நிதியமைச்சராகவும் ஆனார்.

சங்கங்கள் நிறைந்த நாடு

அன்றைய பிரிட்டனில் நோய்க்கு எதிரான பாதுகாப்பு முற்றாக இல்லாமல் இருந்தது என்று கூற முடியாது. தொழிலாளர்கள் தாங்களே அதை ஓரளவுக்கு உருவாக்கியிருந்தனர்.

ஆட்ஃபெலோஸ், ஃபாரஸ்டர்ஸ், ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் போன்ற பெயர்களைக் கொண்ட பரஸ்பர உதவிச் சங்கங்கள் நகரங்களிலும் கிராமங்களிலும் பரவியிருந்தன. தமிழ் ஊர்களில் மரணாதாரச் சங்கங்கள் இறப்பு நேரும் வீட்டுக்குக் கைகொடுப்பதைப் போல, இச்சங்கங்கள் உறுப்பினர் நோயுற்றுப் படுத்தால் வாரப் பணம் கொடுத்தன. வாரந்தோறும் உறுப்பினர் செலுத்தும் சில பென்ஸ் காசுகளே அவற்றின் மூலதனம். சங்கமே ஒரு மருத்துவரை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தி, தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் கொடுத்து உறுப்பினர்களைப் பார்க்கச் செய்தது. தொழிற்சங்கங்கள் சிலவும் தம் உறுப்பினருக்கு இத்தகைய உதவிகளை வழங்கின.

ஆயினும் இந்த அமைப்பில் பெரும் இடைவெளி இருந்தது. சேரும்போது உடல்நலம் உள்ளவரையே சங்கங்கள் விரும்பின. நிரந்தர வேலையும் ஒழுங்கான கூலியும் உள்ள கைவினைஞர் சேர முடிந்தது. துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு நிற்பவரால் சந்தாவைத் தொடர்ந்து செலுத்த இயலவில்லை. பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர். உறுப்பினர்கள் முன்னைவிட நீண்டகாலம் வாழத் தொடங்கியதால், முதுமையில் வரும் நீடித்த நோய்களுக்குப் பணம் கொடுத்தே பல சங்கங்களின் நிதி கரைந்துகொண்டிருந்தது.

இவற்றுக்கு அப்பால் இன்னொரு பெரும் சக்தியும் இருந்தது. புரூடென்ஷியல் போன்ற காப்புறுதி நிறுவனங்கள் ஏழைகளுக்கு ஈமச்சடங்குச் செலவுக்கான காப்புறுதியை விற்றன. அவற்றின் பல்லாயிரக்கணக்கான முகவர்கள் வாரந்தோறும் வீட்டுக்கு வீடு சென்று காசு வசூலித்தனர். வாக்காளரின் அடுப்படி வரை சென்று பேசக்கூடிய இந்த முகவர்களைப் பகைத்துக்கொள்ள எந்த அரசியல்வாதியும் விரும்பவில்லை.

ஜெர்மனி காட்டிய வழி

நிதியமைச்சரான ஆண்டிலேயே லாயிட் ஜார்ஜ் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். 1909ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கப்பட்டது. முழுவதும் வரிப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்ட இத்திட்டத்தின் செலவு எதிர்பார்த்ததைவிட அதிகமாயிற்று. எனவே அடுத்த திட்டத்துக்குப் பயனாளிகளும் பணம் செலுத்த வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1908ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ள சமூகக் காப்புறுதி முறையை நேரில் பார்வையிட்டார். பிஸ்மார்க்கின் 1883ஆம் ஆண்டுச் சட்டம், கைவினைக் குழுக்கள், தொழிற்சாலைகள், சுரங்கத் தொழிலாளர் அமைப்புகள் ஆகியவற்றின் நோய்க்கால நிதியங்களை அடிப்படையாகக் கொண்டிருந்தது. செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளிகளும் ஏற்றனர்.

ஆனால் காப்புறுதித் திட்டம் உடனே தொடங்கவில்லை. ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் தேடி 1909ஆம் ஆண்டு அவர் முன்வைத்த வரவு செலவுத் திட்டம், நிலச் செல்வந்தர்கள் மீது வரி விதித்தது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. 1910ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. இறுதியில் 1911ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தைக் குறைத்தது.

இந்தப் பெரும் மோதலின் இடையே காப்புறுதி மசோதாவும் தயாராயிற்று. டபிள்யூ. ஜே. பிரெய்த்வெய்ட் என்ற இளம் அரச அதிகாரி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். 1911ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தில், தென் பிரான்ஸின் நீஸ் நகரில் ஓய்வில் இருந்த அமைச்சரைச் சந்தித்து, கடலோரத்தில் அமர்ந்தபடியே தாம் அறிந்து வந்ததை அவர் விளக்கினார். ஜெர்மன் முறையை அப்படியே நகலெடுக்காமல், பிரிட்டனில் ஏற்கெனவே வேரூன்றிய சங்கங்களையே சட்டத்தின் தூண்களாக்குவது என்று முடிவாயிற்று.

நான்கு பென்ஸுக்கு ஒன்பது

1911ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி மசோதா நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதன் கணக்கு எளிமையானது. ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ் செலுத்துவார். முதலாளி 3 பென்ஸ் சேர்ப்பார். அரசு 2 பென்ஸ் கொடுக்கும். நான்கு பென்ஸ் போட்டவருக்கு ஒன்பது பென்ஸின் பயன் என்று லாயிட் ஜார்ஜ் மேடைதோறும் இதை விளக்கினார்.

16 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட உடலுழைப்புத் தொழிலாளர் அனைவரும், ஆண்டுக்கு 160 பவுண்டுகள் வரை வருமானம் பெறும் ஏனைய ஊழியர்களும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என 26 வாரங்களுக்கு உதவி கிடைக்கும். அதன் பின்னரும் வேலை செய்ய முடியாதவருக்கு வாரம் 5 ஷில்லிங். பிரசவத்துக்கு 30 ஷில்லிங். மருத்துவர் சேவையும் மருந்தும் இலவசம். காசநோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையங்கள் அமைக்கவும் நிதி ஒதுக்கப்பட்டது.

காப்புறுதி பெறும் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஒன்றில் சேர வேண்டும். அச்சங்கம் இலாபம் ஈட்டக்கூடாது. அதன் நடவடிக்கைகள் உறுப்பினரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வயதை மட்டும் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கக் கூடாது. ஆனால் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒதுக்கலாம். எந்தச் சங்கமும் ஏற்காதவர்கள் அஞ்சலகத்தில் தனிக்கணக்கு வைத்து, தம் பெயரில் சேர்ந்த பணத்தின் அளவுக்கே உதவி பெறலாம். காப்புறுதி மிக அதிகமாகத் தேவைப்பட்டவர்களுக்குத்தான் மிகக் குறைந்த பாதுகாப்பு கிடைத்தது என்பதை இந்தப் பிரிவு அப்பட்டமாகக் காட்டியது.

சட்டத்தின் இரண்டாம் பகுதி, கப்பல் கட்டுதல், பொறியியல், கட்டுமானம் உள்ளிட்ட சில தொழில்களில் வேலையின்மைக் காப்புறுதியை அறிமுகப்படுத்தியது. வின்ஸ்டன் சர்ச்சிலும் வில்லியம் பெவரிட்ஜும் அதன் சிற்பிகள்.

விதவைகள் கைவிடப்பட்ட கதை

மசோதாவின் தொடக்கத் திட்டத்தில் விதவைகளுக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கும் யோசனை இருந்தது. ஈமச்சடங்குக் காப்புறுதி விற்ற நிறுவனங்கள் இதைத் தம் வணிகத்துக்கு நேரான அச்சுறுத்தலாகக் கருதின. இறப்பின்போது அரசே பணம் கொடுத்தால் தம்மிடம் எவர் வருவார் என்பது அவற்றின் அச்சம். முகவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களை நெருக்கினர். மசோதா முன்வைக்கப்படுவதற்கு முன்பே அந்த யோசனை கைவிடப்பட்டது.

நிறுவனங்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. தாமும் சங்கங்களை அமைத்துச் சட்டத்தின் கீழ் இயங்க அனுமதி வேண்டும் என்று கோரின. பிற்காலத்தில் கன்சர்வேட்டிவ் அமைச்சராக உயர்ந்த கிங்ஸ்லி வுட் அவர்களுக்காக வாதாடினார். அனுமதி கிடைத்தது. உறுப்பினரின் கட்டுப்பாடு பற்றிய விதிகளும் தளர்த்தப்பட்டன. அண்டை வீட்டாரும் சக தொழிலாளரும் கூடி நடத்தும் சிறு மன்றங்களை மனதில் வைத்து வகுக்கப்பட்ட ஏற்பாடு, தலைநகரிலிருந்து இயக்கப்படும் பெருநிறுவனக் கிளைகளுக்கும் இவ்வாறு கதவைத் திறந்துவிட்டது.

தந்தை இறந்தபோது உறவினரின் அன்பைத் தவிர வேறு ஆதரவு இல்லாதிருந்த ஒரு விதவைத் தாயின் மகனே இந்தச் சமரசத்தைச் செய்தார். மசோதா முழுவதையும் இழப்பதா, அதன் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். பிரிட்டனில் விதவைகளுக்கான பங்களிப்பு ஓய்வூதியம் 1925ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சி.

மருத்துவர்களும் சீமாட்டிகளும்

அடுத்த எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து வந்தது. சங்கங்களின் ஒப்பந்த மருத்துவர்களாகக் குறைந்த ஊதியத்துக்குப் பணியாற்றி, தொழிலாளர் குழுக்களின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டிருந்ததை அவர்கள் நெடுங்காலமாக வெறுத்துவந்தனர். இப்போது நாடு முழுவதிலும் அதே நிலை சட்டமாகிவிடும் என அஞ்சினர்.

லாயிட் ஜார்ஜ் இங்கும் விட்டுக்கொடுத்தார். மருத்துவ சேவையை நிர்வகிக்கும் பொறுப்பு சங்கங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, உள்ளூர்க் காப்புறுதிக் குழுக்களிடம் தரப்பட்டது. பட்டியலில் தம் பெயரைப் பதிவுசெய்த மருத்துவர்களில் தமக்கு வேண்டியவரை நோயாளியே தேர்ந்துகொள்ளும் முறை வந்தது. மருந்துச் செலவையும் சேர்த்துத் தலைக்கு ஆண்டுக்கு 6 ஷில்லிங் என முதலில் மதிப்பிடப்பட்ட தொகை 9 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. மருத்துவர் சங்கத் தலைமை இறுதிவரை எதிர்த்து நின்றபோதும், ஏழைப் பகுதிகளில் பணியாற்றிய மருத்துவர்கள் தம் வருமானம் பெருகும் என்பதைக் கண்டனர். 1913ஆம் ஆண்டு ஜனவரியில் சேவைகள் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் பதிவுசெய்திருந்தனர். எதிர்ப்பு தகர்ந்தது.

வீட்டுப் பணியாளரின் அட்டைகளில் வாரந்தோறும் முத்திரை ஒட்ட வேண்டியிருந்ததை எதிர்த்து, 1911ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் சீமாட்டிகளும் அவர்களது பணிப்பெண்களும் கூட்டம் நடத்தினர். இடதுசாரிகளிலும் எதிர்ப்பாளர்கள் இருந்தனர். ஏழையிடமும் ஓரளவு வசதியுள்ளவரிடமும் ஒரே தொகையை வசூலிப்பது தலைவரிக்கு ஒப்பானது என்று பிலிப் ஸ்னோடன், ஜார்ஜ் லான்ஸ்பரி போன்றோர் கருதினர். தொழிற்கட்சியின் பெரும்பகுதி ஆதரவளித்தது. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. 1912ஆம் ஆண்டு ஜூலையில் சந்தா வசூல் தொடங்கியது.

ஒரு கோடிக்கும் அதிகமான உழைப்பாளர்கள் காப்புறுதிக்குள் வந்தனர். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த மருத்துவர் என்று ஒருவர் கிடைத்தது அதுவே முதல் முறை. நோய்க்கால உதவி பெறுவதற்கே லாயிட் ஜார்ஜ் பெறுவது என்று மக்கள் பேச்சு வழக்கில் கூறத் தொடங்கினர். அதேவேளை, திட்டத்துக்கு உருவம் கொடுக்க உழைத்த பிரெய்த்வெய்ட் ஓரங்கட்டப்பட்டு வருமான வரித் துறைக்கு மாற்றப்பட்டார். தமக்கு உதவியவர்களைக் காரியம் முடிந்ததும் மறந்துவிடும் போக்கு லாயிட் ஜார்ஜின் அரசியல் வாழ்வில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒன்று.

போரும் வீழ்ச்சியும்

1914ஆம் ஆண்டு மூண்ட உலகப் போர் அவரை வேறு திசைக்கு இட்டுச் சென்றது. 1915ஆம் ஆண்டு வெடிமருந்து உற்பத்திக்கான அமைச்சராகவும், 1916ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதமராகவும் ஆனார். வெர்சாய் சமாதான மாநாட்டில் உலக வரைபடத்தை மாற்றி வரைந்த தலைவர்களில் ஒருவராக இருந்தார்.

அவரது ஆட்சியின் நிழல்கள் அடர்த்தியானவை. இந்தியாவில் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் நிகழ்ந்த 1919ஆம் ஆண்டு பிரிட்டனின் பிரதமர் அவரே. அயர்லாந்தில் துணைப்படைகள் நடத்திய கொடுமைகளுக்கும் அவரது அரசே பொறுப்பு; 1921ஆம் ஆண்டு உடன்பாட்டில் கையொப்பமிட்டதும் அவரே. கட்சி நிதிக்காகப் பட்டங்களை விற்றார் என்ற குற்றச்சாட்டும், அதற்கு முன் 1912ஆம் ஆண்டு அமெரிக்க மார்க்கோனி நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரமும் அவரது பெயரைக் கெடுத்தன. 1922ஆம் ஆண்டு அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டதும் பதவி இழந்தார். அதன் பின் அவர் எந்த அமைச்சர் பதவியையும் வகிக்கவில்லை. 1936ஆம் ஆண்டு ஹிட்லரைச் சந்தித்துத் திரும்பி அவரைப் பாராட்டியது, அவரது மதிப்பீட்டுத் திறன் குறித்தே ஐயத்தை எழுப்பியது.

செல்வச் சங்கம், ஏழைச் சங்கம்

லாயிட் ஜார்ஜ் பதவியில் இல்லாத இந்த ஆண்டுகளில்தான் அவரது சட்டத்தின் உள்ளார்ந்த குறை வெளிப்பட்டது.

எல்லோரும் ஒரே அளவு சந்தா செலுத்தினர். ஆனால் ஒவ்வொரு சங்கத்தின் நிதியும் தனித்தனியே இருந்தது. உறுப்பினர் யார் என்பதே சங்கத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது. எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் நிறைந்த சங்கத்தில் நோய் குறைவு, நிதி மிஞ்சியது. மிஞ்சிய பணத்தைக் கொண்டு அது பல் சிகிச்சை, கண்ணாடி போன்ற கூடுதல் உதவிகளை வழங்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த சங்கத்தில் நோயும் விபத்தும் அதிகம். சட்டம் உறுதியளித்த அடிப்படை உதவிக்கு மேல் எதையும் கொடுக்க அதனால் இயலவில்லை. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே சந்தாவைச் செலுத்திய இருவருக்கு வெவ்வேறு பயன்கள் கிடைத்தன.

தொழில் வாரியாக அல்லது அமைப்பு வாரியாக நடத்தப்படும் எந்தக் குழுக் காப்புறுதிக்கும் இது அடிப்படைச் சிக்கல். காப்புறுதி என்பது நலமுள்ளவரின் பணம் நோயுற்றவரைச் சென்றடைவதில் தங்கியிருக்கிறது. குழுவின் எல்லையோடு அந்தப் பகிர்வு நின்றுவிட்டால், நலமுள்ளோர் கூடும் குழு செழிக்கிறது. ஆபத்தான தொழிலைச் செய்வோரின் குழு தேய்கிறது.

1926ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு ஒன்று, சங்கங்களின் உபரி நிதியில் ஒரு பகுதியைப் பொது நிதியில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. சங்கங்கள் எதிர்த்தன. பரிந்துரை செயல்படுத்தப்படவில்லை. அதற்குள் காப்புறுதி பெற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெரும் காப்புறுதி நிறுவனங்களின் சங்கங்களில் சேர்ந்திருந்தனர். அவற்றில் உறுப்பினரின் கட்டுப்பாடு என்பது ஏட்டளவிலேயே இருந்தது.

தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவ சேவை கிடைக்கவில்லை என்பது மற்றொரு பெரும் குறை. மருத்துவமனைச் சிகிச்சையும் பொதுவாக இதில் அடங்கவில்லை. பெண்களின் நோய்க்காலக் கோரிக்கைகள் மதிப்பீட்டை விஞ்சியபோது, 1932ஆம் ஆண்டில் மணமான பெண்களுக்கான உதவி குறைக்கப்பட்டது.

மாற்று வழி ஒன்றும் வேல்ஸிலேயே இருந்தது. தென் வேல்ஸின் டிரெடீகர் நகரில் சுரங்கத் தொழிலாளரும் எஃகுத் தொழிலாளரும் நடத்திய மருத்துவ உதவிச் சங்கம், குடும்பத்தினர் அனைவருக்கும் சேவை வழங்கியது. அந்த ஊரில் பிறந்து சுரங்கத்தில் உழைத்த அனூரின் பெவன் பின்னர் சுகாதார அமைச்சரானபோது, நாட்டுக்கு வேண்டிய சேவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அவருக்கு முன்னுதாரணமாக அமைந்தது.

இறுதி வாக்கு

1942ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, சங்கங்கள் வழியான நிர்வாகத்தை முடிவுக்குக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஒரே சந்தா செலுத்துவோருக்கு ஒரே பயன் கிடைக்க வேண்டும் என்பது அதன் வாதம். போர்க்கால அரசு தயங்கியது. 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில், அறிக்கையை விரைந்து நிறைவேற்றக் கோரும் திருத்தம் நாடாளுமன்றத்தின் கீழ்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. எண்பது வயது நிரம்பிய லாயிட் ஜார்ஜ் அரசுக்கு எதிராக, அத்திருத்தத்தை ஆதரித்து வாக்களித்தார். அச்சபையில் அவர் அளித்த இறுதி வாக்கு அதுவே.

தாம் கட்டிய ஏற்பாட்டைக் கலைக்கச் சொன்ன அறிக்கைக்கே அவர் தம் கடைசி வாக்கை அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. சங்கங்கள் அவருக்கு ஒருபோதும் கொள்கையாக இருந்ததில்லை. 1911ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தைக் கடக்கக் கிடைத்த பாலமாகவே இருந்தன.

1945ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் தாம் அதிகாரத்தைக் குறைத்த அந்தச் சபையில் அவர் ஒரு நாளும் அமரவில்லை. அவ்வாண்டு மார்ச் 26ஆம் தேதி லானிஸ்டம்டுவியில் புற்றுநோயால் காலமான அவர், சிறுவயதில் விளையாடிய டுவைஃபோர் ஆற்றங்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களின் பணி முடிவுக்கு வந்தது. வரிப் பணத்தில் அனைவருக்கும் சிகிச்சை அளிக்கும் தேசிய சுகாதார சேவை அதே நாளில் தொடங்கியது. பின்னாளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற தமிழ் மருத்துவர்கள் பலர் பணியாற்றிய சேவை அது.

பிற நாடுகளின் தேர்வுகள்

லாயிட் ஜார்ஜ் எதிர்கொண்ட கேள்விக்குப் பிற நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டன.

சுதந்திர இந்தியா சங்கங்களின் வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இ.எஸ்.ஐ. என்று அறியப்படும் அத்திட்டம் ஒரே கழகத்தின் கீழ் 1952ஆம் ஆண்டு கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு வந்தது. அங்கு ஆலைத் தொழிலாளியின் நோய்க்கால உதவி, அவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதில் தங்கியிருக்கவில்லை.

ஜெர்மனி தன் நிதியங்களைக் கலைக்கவில்லை. மாறாக, 1992ஆம் ஆண்டு நிறைவேற்றிய சீர்திருத்தத்தின் மூலம், நோயாளிகள் குறைந்த நிதியங்களிடமிருந்து நோயாளிகள் அதிகமுள்ள நிதியங்களுக்குப் பணம் செல்லும் ஏற்பாட்டை 1994ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. 1996ஆம் ஆண்டு முதல் பெரும்பாலானோர் தமக்கு விருப்பமான நிதியத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் பெற்றனர். 1926ஆம் ஆண்டு பிரிட்டன் ஏற்க மறுத்த தீர்வுக்கு நெருக்கமானது இது.

அமெரிக்காவில் சிறு தொழில் நிறுவனங்கள் தொழில் சங்கங்கள் வழியாக ஒன்றுகூடிக் காப்புறுதி வாங்குவதை எளிதாக்கும் விதிமுறையை 2018ஆம் ஆண்டு டிரம்ப் நிர்வாகம் கொண்டுவந்தது. செலவு குறையும் என்றனர் ஆதரவாளர்கள். நலமுள்ளோர் வெளியேறிவிட, எஞ்சியோருக்குச் செலவு கூடும் என்றனர் எதிர்ப்பாளர்கள். 2019ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் ஒன்று அதன் முக்கிய பகுதிகளைச் செல்லாது என அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் பைடன் நிர்வாகம் அவ்விதிமுறையை முழுமையாக விலக்கிக்கொண்டது. எனினும் இவ்யோசனைக்கு அங்கு ஆதரவு குன்றிவிடவில்லை.

சங்கங்கள் நம்பிக்கையைத் தருகின்றன. தெரிந்த முகங்களோடு சேர்ந்து சேமிப்பதில் மனிதர்களுக்கு உள்ள விருப்பத்தை அவை பயன்படுத்துகின்றன. அந்த விருப்பத்தைச் சட்டமாக்கியதால்தான் 1911ஆம் ஆண்டில் லாயிட் ஜார்ஜ் வென்றார். ஆனால் தெரிந்த முகங்களின் வட்டத்துக்கு வெளியே நிற்கும் நோயாளியின் செலவை எவர் ஏற்பது என்ற கேள்விக்கு அவரது சட்டத்தில் விடை இல்லை. பிரிட்டனில் அந்த விடை எழுதப்படுவதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மாரும் குழந்தைகளும் மருத்துவருக்குக் கொடுக்கக் காசின்றிக் காத்திருக்க நேர்ந்தது.